தெளிந்த நீரும் தெரியாத தூளும்

கலங்கிய நீரைத் தெளிய வைப்பது தமிழர்களுக்குப் புதிய வித்தை அல்ல. மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, ஆற்று நீரை ஊற்றி வைத்தால் விடிவதற்குள் சேறு அடியில் தங்கிவிடும். பின்னர் படிகாரம் வந்தது. இப்போது ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் பாலிமர் தூள் வந்திருக்கிறது. மூன்றும் செய்கிற வேலை ஒன்றேதான். நீரில் மிதக்கும் நுண்ணிய மண்ணையும் கசடையும் ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, கனமாக்கி, கீழே படிய வைக்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேற்றாங்கொட்டையை எப்படி உரைப்பது, எவ்வளவு உரைப்பது என்று வீட்டுக் கிழவிக்குத் தெரிந்திருந்தது. பாலிமர் தூளை எப்படிக் கையாள்வது, எந்தச் சூட்டில் அது கெடும், எந்தச் சூட்டில் அது நஞ்சைக் கக்கும் என்பது, அந்த மூட்டையைத் தோளில் சுமந்து தொட்டியில் கொட்டுகிற தொழிலாளிக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. மூட்டையின் மேல் எழுதியிருப்பது ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்கிறார். மூட்டையைப் பிரிப்பவர் தொட்டியடியில் இருக்கிறார். இந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

வாளையாருக்கு என்ன சம்பந்தம்?

கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வாளையாரைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற தமிழர்கள் ஏராளம். அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருப்போரும் உண்டு. இரும்பு உருக்கும் ஆலை, சாராய வடிப்பாலை, உணவுப் பொருள் ஆலை என்று பலவகைத் தொழில்கள் நடக்கிற வட்டாரம் அது. ஆலை என்றால் கழிவுநீர் உண்டு. கழிவுநீர் என்றால் அதைச் சுத்தம் செய்யும் நிலையம் உண்டு. அங்கே திரண்ட கசடைப் பிழிந்து எடுப்பதற்குப் பாலிமர் வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்களிடம் விடப்படுகிறது. இன்று இருப்பவர் அடுத்த மாதம் இருப்பதில்லை. வருகிறவருக்குச் சொல்லிக் கொடுப்பவரும், தமக்கு முன்பு இருந்தவர் செய்ததைப் பார்த்துக் கற்றவர்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வாளையார் ஆறு கல்பாத்திப் புழையில் சேர்ந்து பாரதப்புழையில் கலக்கிறது. நேர்மின் தன்மை கொண்ட பாலிமர் வகை மீன்களின் செவுளில் ஒட்டி மூச்சை அடைக்கக் கூடியது. தொட்டியடியில் நடக்கிற தவறு தொட்டியடியோடு நிற்காது. கரையோரம் குடியிருப்பவர் வரை அது போகும்.

தூளின் குணம்

இந்தத் தூளில் பெரும்பாலானது பாலிஅக்ரிலமைடு என்ற இனத்தைச் சேர்ந்தது. பார்வைக்கு ரவை போலவோ சர்க்கரை போலவோ வெண்மையாக இருக்கும். வழக்கமாக 25 கிலோ மூட்டையில் வரும். சொன்ன முறைப்படி பயன்படுத்தினால் இது கொடிய பொருள் அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தொட்டால் சுடாது, அமிலம் போல் அரிக்காது. குடிநீருக்கு என்று தயாரிக்கப்படும் வகையைக் குடிநீர் நிலையங்களிலேயே உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனாலும் அதற்கு மூன்று கெட்ட குணங்கள் இருக்கின்றன.

முதலாவது, வழுக்கல். சிந்திய தூளின் மேல் தண்ணீர் பட்டால் தரை முழுவதும் வெண்டைக்காய்க் கொழகொழப்பாகிவிடும். சிந்திய இடத்தைக் கழுவிவிடுவதுதான் நம்மவர்களின் பழக்கம். இங்கே அந்தப் பழக்கமே ஆபத்து. உலர்ந்த நிலையிலேயே துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட்டு, மிச்சமிருப்பதன் மேல் மணலோ மரத்தூளோ போட்டு மீண்டும் அள்ள வேண்டும். கழுவுவது கடைசியில்தான். தொட்டியின் மேல்தளத்தில் நிற்பவர் வழுக்கினால் விழுகிற இடம் தொட்டியாகவோ சுழலும் கலக்கியாகவோ இருக்கலாம்.

இரண்டாவது, தூசி. மூட்டையை உயரத்திலிருந்து கொட்டினால் எழுகிற மெல்லிய தூசி கண்ணில் பட்டால் அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிக் கூழாகும். மூக்கில் போனால் இருமல் எடுக்கும். அடைத்த அறையில் காற்றில் அடர்ந்து நிற்கும் எந்தக் கரிமத் தூசியும் நெருப்புப் பொறி பட்டால் வெடிக்கக் கூடும். சர்க்கரை கூட வெடித்திருக்கிறது. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சர்க்கரை ஆலை ஒன்றில் படிந்து கிடந்த சர்க்கரைத் தூசி வெடித்து 14 பேர் மாண்டார்கள். தினமும் தேநீரில் போட்டுக் குடிக்கிற சர்க்கரைக்கே இந்தக் கதி என்றால், பாலிமர் கிடங்கில் பீடி பற்ற வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது குணம் சூட்டில் வெளிப்படுவது. இதுதான் பலருக்கும் தெரியாதது.

சூடு எங்கே நுழைகிறது?

‘தண்ணீரில் கலக்குகிற தூளை யார் அடுப்பில் வைக்கப் போகிறார்கள்?’ என்று கேட்கலாம். வேண்டுமென்று வைப்பதில்லை. ஆனால் வேலையின் அவசரத்தில் நாலு வழியாக நெருப்பு உள்ளே நுழைகிறது.

ஆனி, ஆடிச் சாரல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது கிடங்கில் இருக்கிற தூள் ஈரம் உறிஞ்சிக் கட்டிபடும். கட்டிபட்ட தூளை வீணாக்கக் கூடாது என்று பாய்லரின் ஓரத்திலோ தகட்டின் மேலோ வைத்து உலர்த்தலாம் என்று யாருக்காவது தோன்றும். இது முதல் வழி. தூள் சீக்கிரம் கரைய வேண்டும் என்று தொட்டி நீரைக் கொதிநீராக்குவது இரண்டாவது. உலர்ந்த பாலிமர் படலம் ஒட்டியிருக்கும் குழாயையோ தொட்டியையோ சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைப்பது மூன்றாவது. மார்கழிக் குளிருக்குக் காலி மூட்டைகளைக் கொளுத்திக் குளிர்காய்வது நாலாவது.

வெதுவெதுப்பான நீரில் தூள் விரைவாகக் கரையும் என்பது உண்மைதான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போனால் பாலிமரின் நீண்ட சங்கிலி அறுபடத் தொடங்குகிறது. சங்கிலி நீளமாக இருப்பதால்தான் அது கசடைக் கட்டிப் பிடிக்கிறது. அது அறுபட்டால் மருந்து வேலை செய்யாது. வேலை செய்யவில்லையே என்று ஆபரேட்டர் இன்னொரு மடங்கு போடுவார். செலவு இரட்டிக்கும், கசடு படியாது. ஆகவே கொதிநீர் தொழிலாளிக்கு மட்டுமல்ல, முதலாளிக்கும் நஷ்டம். தொட்டிக்குள் மின்சூடேற்றியை இறக்கினால் கூழ் அதன் மேல் ஒட்டிக் கருகும். ஈரத்தரை, வழுக்கல், மின்சாரம் மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சூடு 200 டிகிரியைத் தாண்டினால் கதையே வேறு. தூள் சிதையத் தொடங்கி அம்மோனியா வெளிவரும். மாட்டுத் தொழுவத்தில் அடிக்கிற அதே நெடி. அந்த நெடிதான் முதல் எச்சரிக்கை. அதையும் தாண்டி நெருப்பே பிடித்துவிட்டால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் புகைந்து எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷவாயுவும் உண்டாகலாம். மூடிய தொட்டிக்குள் குனிந்து வெல்டிங் வைப்பவர் மயங்கி விழ அதிக நேரம் ஆகாது. அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் வழக்கமாக நடப்பது. பிளீச்சிங் பவுடரையும் பாலிமரையும் ஒரே கிடங்கில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதும் கூடாது. முன்னது நெருப்புக்கு உயிர்க்காற்றை ஊட்டுகிற ஜாதி.

ஸ்வீடனில் நடந்தது

பாலிமர் என்பது அக்ரிலமைடு என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. மாலையாக இருக்கும்போது அது சாது. கோக்கப்படாத தனி மணியாக இருக்கும்போது நரம்பைத் தாக்கும். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994ல் வகைப்படுத்தியிருக்கிறது. தூளில் இந்தத் தனி மணி மிகக் கொஞ்சமாக மிச்சமிருக்கும்.

அந்தத் தனி மணி என்ன செய்யும் என்பதை 1997ல் ஸ்வீடன் நாடு கண்கூடாகப் பார்த்தது. ஹாலன்ட்சோஸ் என்ற குன்றைக் குடைந்து ரயில் சுரங்கப்பாதை போட்டார்கள். சுரங்கத்தில் ஊறிய நீரை அடைக்க அக்ரிலமைடு கலந்த பூச்சைச் செலுத்தினார்கள். அது சரியாக இறுகாமல் நீரோடு வெளியேறி ஓடையில் கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. அந்த நீரைக் குடித்த மாடுகள் கால் தள்ளாடி விழுந்தன. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு விரல் மரத்துப்போதலும் கூச்சமும் கண்டன. வேலை நிறுத்தப்பட்டது.

அங்கே பயன்பட்டது பாலிமர் தூள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்களை வீணாகப் பயமுறுத்துவது நோக்கமல்ல. குடிநீரில் அக்ரிலமைடு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடிநீருக்கான தூளில் மிச்ச அக்ரிலமைடு நூற்றுக்கு 0.05க்கு மிகாமல் இருக்க வேண்டும். அதையும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது என்பது அமெரிக்காவின் விதி. கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றாகவே வரும். ஆனால் கழிவுநீருக்கான மலிவு வகைக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. ஆகவே ஒன்றுக்கு வாங்கியதை மற்றொன்றுக்குப் போடக் கூடாது. இதையும் மூட்டையைப் படிக்கத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும்!

ராணிப்பேட்டை மறந்துபோனதா?

தூரதேசத்துக்குப் போவானேன்? 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர் நிலையத்தில் கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள் மேல் கசடு வெள்ளமாகப் பாய்ந்து 10 பேரைக் கொன்றது. மாண்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அவர்களுக்கு அவர்கள் மொழியில் யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சுவரடியில் படுத்திருப்பார்களா?

அங்கே வங்காளிகள், இங்கே தமிழர்கள். ஊரும் பேச்சும் மாறுகின்றன. பிழைக்க வந்த இடத்தில், பாஷை தெரியாத ஆலையில், மிக மோசமான வேலை மிகக் குறைவாகத் தெரிந்தவனுக்குப் போய்ச் சேர்கிறது என்ற விஷயம் மட்டும் மாறுவதில்லை.

தமிழில் கேட்கலாமா?

இடுக்கி எல்லையில் ஏலத்தோட்டங்களுக்குக் கம்பம், போடி பக்கத்திலிருந்து ஜீப்பில் போகிற பெண்கள் பூச்சிமருந்து டப்பாவின் மேல் ஒரு வண்ணச் சதுரத்தைப் பார்த்திருப்பார்கள். சிவப்பானால் கொடியது, பச்சையானால் தீவிரம் குறைந்தது. 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள், அந்த வட்டாரத்தில் பேசும் மொழியிலும் விவரச் சீட்டு இருக்க வேண்டும் என்கின்றன. அந்த விதி எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு விஷயம்; விதி என்று ஒன்று இருக்கிறது. ஆலைக்கு வருகிற பாலிமர் மூட்டையில் காணக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே.

சட்டம் அடியோடு மௌனமாக இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் நடந்த கோரத்துக்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலை அதைப் பற்றித் தொழிலாளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020ல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை அதிலும் தொழிலாளிக்கு உண்டு.

தமிழர்களுக்கு இன்னொரு கைத்தடியும் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். தொழிற்சாலைகள், பாய்லர்கள் துறையின் தலைவருக்கு ஒரு மனு தமிழில் போனால் அதைத் திருப்பி அனுப்ப இயலாது. இந்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

‘இவ்வளவுக்கும் செலவு யார் செய்வது?’ என்று நிர்வாகத்தார் கேட்கலாம். செலவு ஒன்றும் மலை அல்ல. கலக்கும் தொட்டியருகே தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் எழுதிய ஒரு பலகை வேண்டும். தொட்டி நீரின் சூட்டைக் காட்டும் ஒரு வெப்பமானி வேண்டும். ஆளுக்கு மூக்குக் கவசமும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். புதிதாக வருகிற கான்ட்ராக்ட் ஆளுக்கு முதல் நாள் அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஒரு மூட்டை பாலிமர் கெட்டுப்போவதால் வருகிற நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை ஆகாது.

பலகையில் எழுத வேண்டியதும் அதிகமில்லை. தூளைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுழலும் நீரில் தூவு, மொத்தமாகக் கொட்டாதே. 1,000 லிட்டர் நீருக்கு 1 கிலோ என்பது பொதுவான கணக்கு. மெதுவாகக் கலக்கி முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஊற விடு. நீர் 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. தூளை நெருப்பருகே வைக்காதே, உலர்த்தாதே, மூட்டையைக் கொளுத்தாதே. சிந்தினால் முதலில் கூட்டு, கழுவாதே. வெல்டிங் வைக்குமுன் படலத்தைச் சுரண்டி எடு, காற்றோட்டம் உண்டாக்கு, வெளியே ஓர் ஆளை நிறுத்து. கண்ணில் பட்டால் 15 நிமிஷம் நல்ல நீரில் கழுவு. புகையை முகர்ந்தால் திறந்த வெளிக்கு ஓடு, ஆஸ்பத்திரிக்குப் போ. போகும்போது மூட்டையின் மேலிருக்கும் பெயரைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போ. என்ன பொருள் என்று தெரிந்தால்தான் டாக்டரும் தக்க வைத்தியம் செய்ய முடியும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. போனசுக்கும் பஞ்சப்படிக்கும் போராடுகிற சங்கங்கள், மூட்டையின் விவரச் சீட்டைத் தமிழில் கொடு என்று ஒரு கோரிக்கையைப் பட்டியலில் சேர்ப்பதில் என்ன தடை? சங்கத்தில் சேராத கான்ட்ராக்ட் தொழிலாளிக்காகவும் அந்தக் குரல் எழ வேண்டும். ஆங்கிலம் படித்த குமாஸ்தா ஒருவர் ஒவ்வோர் ஆலையிலும் இருப்பார். பகல் சாப்பாட்டு வேளையில் அவர் அந்தச் சீட்டைப் படித்துப் பத்துப் பேருக்குப் பொருள் சொன்னால் அதுவும் ஒரு தொண்டுதான். அதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை.

பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவன் உயிரையும் பணயம் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஊருக்குத் தெளிந்த நீரைக் கொடுக்கிற தொழிலாளிக்குத் தெளிவான ஒரு பலகையையாவது ஆலை நிர்வாகங்கள் கொடுக்க வேண்டும். அடுத்த சாரலுக்குள் அந்தப் பலகை மாட்டப்படுவதற்கு அதிகாரிகள் ஆவன செய்வார்களாக.